சென்சார் சாகவில்லை, சோதிக்கத்தான் ஆளில்லை

சென்ற இதழில் ஆக்சிஜன் சென்சார் பற்றி வந்த கட்டுரையை, என் பட்டறையில் வேலை கற்றுக்கொள்ளும் பையன் ஒருவன் படித்துவிட்டுப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்தான். "அப்ப நீங்க மீட்டர் வெச்சுப் பாக்கறதெல்லாம் வெட்டி வேலைங்களாண்ணா?" என்று கேட்டான். அவன் கேட்டதில் குறும்பு இல்லை. அச்சில் வந்ததை நம்பிவிட்டான். அதனால்தான் இதை எழுதுகிறேன். கட்டுரையாளர் தன் வழக்கத்தைத் தன் பட்டறைக்குள் வைத்துக்கொண்டிருந்தால், அவரிடம் வண்டி விட்டவர்களின் பணம் மட்டும் போயிருக்கும். இதழில் எழுதியதால், தொழிலுக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாத பிள்ளைகளின் புத்தியும் கெடுகிறது.

அவர் சொல்வதைச் சுருக்கித் தருகிறேன். ஸ்கேனரில் ஆக்சிஜன் சென்சார் பெயரில் பழுதுக் கோடு (code) வந்தால் சென்சாரை மாற்றிவிட வேண்டும். சோதிப்பது நேரக்கேடு, அதற்கு யாரும் கூலி தரமாட்டார்கள். அது பிரேக் பேட் போலத் தேய்ந்து தீரும் பொருள். காசில்லாதவருக்குப் பழைய சென்சாரையே பெட்ரோலில் ஊறவைத்துத் துலக்கிப் போடலாம். அதுவும் ஆகாவிட்டால் கப்ளரைக் கழற்றி விட்டுவிடலாம், வண்டி ஓடத்தானே செய்கிறது. கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் பின் சென்சாரில் கோடு வந்தால், ஸ்பேசர் வைத்தால் லைட் அணைந்துவிடும். இந்த முறையில் நூற்றுக்கணக்கான வண்டிகளைச் சரிசெய்திருப்பதாகவும் எழுதியிருக்கிறார். பிரேக் பேட் பற்றிய வரியில் பாதி உண்மை இருக்கிறது. மற்றதில் எதுவும் தேறாது.

அந்தச் சென்சார் என்ன வேலை செய்கிறது என்பதே அவருக்குப் பிடிபடவில்லை. கம்பெனிக்காரன் ஸ்பேர் விற்பதற்காகச் சைலன்சரில் செருகிவைத்த பொருள் என்று எழுதுகிறார். உள்ளே குடைவான, விரலுறை போன்ற ஒரு ஸிர்கோனியா பீங்கான் அது. உள்ளும் வெளியும் பிளாட்டினப் பூச்சு. வெளிப்பக்கம் புகையில் நிற்கும், உட்பக்கம் வெளிக்காற்றைத் தொட்டிருக்கும். சுமார் 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடானதும் அந்தப் பீங்கான் வழியாக ஆக்சிஜன் அயனிகள் நகர ஆரம்பிக்கும். இரண்டு பக்கத்திலும் ஆக்சிஜன் அளவு வேறாக இருந்தால் மின்னழுத்தம் பிறக்கும். இதற்கான கணக்கை ஜெர்மானிய விஞ்ஞானி வால்தர் நெர்ன்ஸ்ட் 1889இலேயே எழுதிவிட்டார். 1976இல் பாஷ் நிறுவனத்தின் சென்சார் முதன்முதலில் வோல்வோ கார்களில் ஏறியது. அந்தக் கார்கள் கலிபோர்னியாவுக்குப் போனவை; உலகத்திலேயே கடுமையான புகைக் கட்டுப்பாடு அன்று அங்கேதான் இருந்தது. கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் ஒரே கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் ஒடுக்க வேண்டுமானால், ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற அளவை ஒட்டியே கலவை நிற்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் மூன்றில் ஒன்று தப்பி வெளியே போய்விடும். கார்புரேட்டரால் அவ்வளவு நுணுக்கமாக நிற்க முடியாது. புகையை மோந்து பார்த்து நொடிக்கு நொடி சொல்ல ஒரு மூக்கு தேவைப்பட்டது. ஸ்பேர் வியாபாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நம் ஊருக்கு இந்தப் புகைக் கட்டுப்பாடு எப்படி வந்தது என்பதையும் அவர் மறந்துவிட்டார். 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. அதோடு சேர்ந்துதான் ஈயமில்லாப் பெட்ரோல் அங்கே விற்பனைக்கு வந்தது. நாடு முழுவதும் ஈயம் ஒழிந்தது 2000 பிப்ரவரியில். கன்வெர்ட்டரின் உள்ளே பூசிய உலோகத்தையும் சென்சாரின் பிளாட்டினத்தையும் ஈயம் மூடிக் கொன்றுவிடும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறாமல் தடுத்ததில் இந்தச் சின்னப் பீங்கானுக்கும் ஒரு பங்குண்டு. கழற்றிவிடு என்று ஒரே வார்த்தையில் எழுதுகிறவர் எதைக் கழற்றச் சொல்கிறோம் என்று யோசித்திருக்க வேண்டும்.

இனி அவருடைய தலைமை வாதம். கோடு பொய் சொல்லாது என்கிறார். கோடு பொய் சொல்லாது, சரி. ஆனால் கோடு என்ன சொல்கிறது என்பதை அவர் படிக்கவே இல்லை. பி0131 என்றால் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் முன் சென்சாரிலிருந்து வரும் வோல்டேஜ் குறைவு. சென்சார் கெட்டுவிட்டது என்று அதில் எங்கும் இல்லை. புகையில் நிஜமாகவே ஆக்சிஜன் அதிகமாக இருந்தால், நல்ல சென்சாரும் குறைந்த வோல்டேஜைத்தான் காட்டும். அப்படிக் காட்டுவதுதான் அதன் வேலை. பி0135 என்றால் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு. சர்க்யூட் என்பதில் ஃப்யூஸ், ரிலே, ஒயர், கப்ளர், எர்த், இஞ்சின் கணினியான ஈசியு எல்லாம் சேர்த்தி. சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டர் அவற்றில் ஒன்று. பி0171 வந்தால் கலவை மெலிவாக இருக்கிறது என்று பொருள். அந்த வாக்கியத்தில் சென்சாரின் பெயரே கிடையாது. அதற்கும் சென்சாரை மாற்றச் சொல்கிறார். பி0420 வந்தால் கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது. அதற்குப் பின் சென்சாரை மாற்றச் சொல்கிறார். காய்ச்சல் காட்டியதற்காகத் தெர்மாமீட்டரை மாற்றும் வைத்தியம் இது.

அவர் மாற்றிய பிறகு லைட் அணைந்தது என்பதுதான் அவர் காட்டும் ஒரே ஆதாரம். அணையத்தான் செய்யும். சென்சாரை மாற்றிய கையோடு ஸ்கேனரில் கோடை அழித்திருப்பார். அழித்ததும் ஈசியு அதுவரை கற்றுவைத்த பெட்ரோல் திருத்தக் கணக்கும் சுழியத்துக்குப் போய்விடும். கோளாறு அப்படியே இருந்தாலும், மறுபடி கற்று, எல்லையைத் தாண்டி, பெரும்பாலான வண்டிகளில் இரண்டு ஓட்டங்களில் அதே தவறு தென்பட்ட பிறகுதான் லைட் எரியும். அதற்குள் வாடிக்கையாளர் பில்லைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். லைட் மறுபடி எரிந்தபோது எத்தனை பேர் அவரிடமே திரும்பி வந்தார்கள், எத்தனை பேர் மனம் நொந்து வேறு பட்டறைக்குப் போனார்கள் என்ற கணக்கு அவர் கட்டுரையில் இல்லை. அப்படிப் போனவர்களில் சிலர் என்னிடம் வருகிறார்கள்.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை வந்தார். பெட்ரோல் ஹேட்ச்பேக், பிஎஸ் 4 வண்டி, 70,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. எட்டு மாதத்தில் வேறு வேறு பட்டறைகளில் மூன்று சென்சார் மாற்றியிருந்தார்கள். மூன்றுக்கும் சேர்த்து 11,000 ரூபாய்க்கு மேல் கொடுத்திருந்தார். பி0131, பி0171 இரண்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தன. மைலேஜ் லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் விழுந்திருந்தது. ரசீதுகளைத் தேதிவாரியாக ஒரு கவரில் அடுக்கி வைத்திருந்தார். "இந்த வண்டியை வித்துரலாமுங்களா தம்பி?" என்று கேட்டார்.

ஸ்கேனரில் நீண்டகாலப் பெட்ரோல் திருத்தம் கூட்டல் 22 சதவீதத்தில் நின்றது. ஐந்துக்குள் இருந்தால் நல்லது, பத்து வரை பொறுக்கலாம். புகையில் ஆக்சிஜன் மிகுதி என்று சென்சார் சொல்லச் சொல்ல, ஈசியு பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது. பிளக்கைக் கழற்றினேன். நான்கும் கரி பிடித்துக் கறுத்திருந்தன. இங்கேதான் ஒரு மெக்கானிக் நின்று யோசிக்க வேண்டும். சென்சார் கலவை மெலிவு என்கிறது, பிளக் கலவை அடர்த்தி என்கிறது. ஒன்று சென்சார் பொய் சொல்ல வேண்டும், அல்லது சென்சார் மோக்கும் புகைக்குள் இஞ்சினுக்குச் சம்பந்தமில்லாத காற்று நுழைய வேண்டும்.

எது என்று அறிய இரண்டு நிமிடம் போதும். இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு மீட்டரைச் சிக்னல் ஒயரில் வைத்துவிட்டு, ஏர் இன்டேக்கில் கொஞ்சம் கார்ப் கிளீனர் அடித்தேன். சென்சார் அந்த நொடியே 0.9 வோல்ட்டுக்குத் தாவியது. நிறுத்தியதும் சரசரவென்று இறங்கியது. செத்த சென்சார் இப்படித் தாவாது. மறுநாள் காலை, இஞ்சின் முழுதாக ஆறியிருந்தபோது ஸ்டார்ட் செய்து காது கொடுத்தேன். மேனிஃபோல்டு பக்கம் மெலிதாக டக் டக் என்று சத்தம். மூன்று நிமிடத்தில் இரும்பு விரிந்து சத்தம் அமுங்கிவிட்டது. இஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, சைலன்சர் வாயில் மெதுவாகக் காற்றை ஊதவிட்டு, மேனிஃபோல்டு கேஸ்கெட்டின் மேல் சோப்புத் தண்ணீர் ஊற்றினோம். மூன்றாம் சிலிண்டர் ஓரத்தில் நுரை பொங்கியது. ஒரு ஸ்டட் உடைந்து, கேஸ்கெட் எரிந்து, கறுப்புக் கோடாகக் கரி வழிந்திருந்தது.

அந்த ஓட்டை வழியாகப் புகை வெளியே வரும் என்று எல்லோருக்கும் தெரியும். காற்று உள்ளேயும் போகும் என்பது பலருக்குத் தெரியாது. புகை ஒரே சீராக ஓடுவதில்லை, அலை அலையாகப் போகிறது. ஒவ்வொரு அலைக்கும் பின்னால் ஒரு கணம் உறிஞ்சல் உண்டு. அந்தக் கணத்தில் ஓட்டை வழியே வெளிக்காற்று உள்ளே இழுபடும். ஐட்லிங்கில் அது இன்னும் மோசம். சென்சார் அந்த ஆக்சிஜனைக் கண்டு உண்மையைச் சொன்னது. ஈசியு அதை நம்பிப் பெட்ரோலை ஊற்றியது. மூன்று பட்டறைக்காரர்கள், உண்மையைச் சொன்ன ஒரே பொருளைக் கழற்றி எறிந்தார்கள். புதிதாக மாட்டிய ஒவ்வொரு சென்சாரும் அதே உண்மையைச் சொன்னதால் அதையும் கழற்றினார்கள்.

கேஸ்கெட் ஓட்டை ஒரு உதாரணம்தான். ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடித்தால் எரிப்பில் செலவாகாத ஆக்சிஜன் அப்படியே வெளியே வரும், சென்சார் மெலிவு என்றே காட்டும். இன்டேக்கில் வேக்கூம் ஹோஸ் வெடித்திருந்தாலும் மெலிவு. அப்போது பெட்ரோல் திருத்தம் ஐட்லிங்கில் அதிகமாகவும் 2,500 சுற்றில் குறைவாகவும் இருக்கும். பெட்ரோல் பம்ப் தளர்ந்திருந்தால் அது நேரெதிர், மேடேறும்போதுதான் எகிறும். இந்த இரண்டு எண்ணையும் ஸ்கேனரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. நான் 2009இல் பார்க்காமல் விட்டேன். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் பெட்ரோல் வேன் ஒன்றுக்குக் கோடைப் பார்த்ததும் சென்சார் மாற்றிக் கொடுத்தேன். பம்ப்தான் கெட்டிருந்தது. இரண்டு நாள் கழித்து மேட்டுப்பாளையம் சாலையில் பிள்ளைகளோடு வண்டி நின்றது. சென்சார் காசை டிரைவருக்குத் திருப்பிக் கொடுத்தேன். வெயிலில் நின்ற அந்தப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. கட்டுரையாளர் முறை என்று இன்று எழுதுவதை நான் அன்று செய்தேன், அதனால் அது எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று எனக்குத் தெரியும்.

மீட்டர் வைத்துப் பார்த்ததில் ஒன்றும் தெரியவில்லை, அதனால் சோதனை வீண் என்று அவர் சொல்வதற்கு அவரே ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. சிக்னல் ஒயரில் ஓம்ஸ் வைத்துப் பார்த்தாராம், எண் நிலையாக நிற்கவில்லையாம். ஸிர்கோனியா சென்சாரின் சிக்னல் ஒயரில் ஓம்ஸ் வைக்கவே கூடாது. ஓம்ஸ் அளக்கும்போது மீட்டர் தன் பேட்டரியிலிருந்து மின்சாரத்தைச் செலுத்தும். மின்சாரத்தைப் பிறப்பிக்கும் பீங்கானுக்குள் வெளியிலிருந்து மின்சாரத்தைத் திணித்தால் அது சேதமாகும். நல்ல சென்சாரைக் கெடுக்கும் ஒரு செயலைச் சோதனை என்று அச்சில் விளக்கியிருக்கிறார். இன்னொரு வண்டியில் வோல்டேஜ் 0.45இல் அசையாமல் நின்றதாம், உடனே சென்சார் செத்தது என்று தீர்ப்பு. பல வண்டிகளில் அந்த 0.45 சென்சார் கொடுப்பதே அல்ல. ஈசியு தானாக அந்த ஒயரில் வைக்கும் அளவு அது. சென்சார் இன்னும் சூடாகவில்லை, அல்லது ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது என்பதுதான் அதற்குப் பொருள். ஹீட்டருக்குக் கரண்ட் வருகிறதா என்று பார்த்தாரா? பார்க்கவில்லை. எழுதியிருந்தால் நான் படித்திருப்பேன்.

சோதிக்கும் முறையை என் பையனுக்காக எழுதிவைக்கிறேன். கட்டுரையாளரும் படிக்கலாம். நான்கு ஒயர் சென்சாரில் பெரும்பாலும் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டும் ஹீட்டருக்கு. கப்ளரைக் கழற்றி, சென்சார் ஆறியிருக்கும்போது அந்த இரண்டுக்கும் நடுவில் மட்டும் ஓம்ஸ் பார்க்கலாம். மாடலைப் பொறுத்து ஏறத்தாழ மூன்றிலிருந்து பதினைந்து ஓம்ஸ் வரை வரும். முடிவிலி காட்டினால் ஹீட்டர் அறுந்துவிட்டது, அப்போது சென்சாரை மாற்றத்தான் வேண்டும். ஓம்ஸ் சரியாக இருந்தால் வண்டிப் பக்கக் கப்ளரில் ஹீட்டருக்கு 12 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும்; சில வண்டிகளில் இஞ்சின் ஓடினால்தான் வரும். வராவிட்டால் முதலில் ஃப்யூஸ். பிறகு ஒயர். எலி கடித்த ஒயரை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன்; மழைக்காலத்தில் இஞ்சின் சூட்டுக்கு எலி வந்து தங்கும் ஊர் இது. ஹீட்டர் சரியென்றால், கப்ளரை மாட்டிவிட்டுச் சிக்னல் ஒயரின் பின்புறம் மெல்லிய ஊசியால் தொட்டு, டிசி வோல்ட்டில் வைத்து, இஞ்சினை 2,500 சுற்றில் நிறுத்த வேண்டும். முன் சென்சார் 0.1க்கும் 0.9க்கும் நடுவில் ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். பத்து நொடியில் ஓரிரண்டு முறை மட்டும் சோம்பலாக நகர்ந்தால் அது கிழடு தட்டிவிட்டது. பின் சென்சார் அப்படி ஆடக் கூடாது, 0.6 அல்லது 0.7இல் ஏறத்தாழ நிலையாக நிற்க வேண்டும். அதுவும் முன் சென்சாரோடு சேர்ந்து ஆடினால் கன்வெர்ட்டர் தீர்ந்துவிட்டது. ஐந்து, ஆறு ஒயர் வரும் வைட்பேண்ட் சென்சாருக்கு இந்த வோல்டேஜ் கணக்கு பொருந்தாது, அதை ஸ்கேனரில்தான் பார்க்க வேண்டும். இவ்வளவுக்கும் எனக்கு இருபத்தைந்து நிமிடம் ஆகும்.

பிரேக் பேட் விஷயத்தில் அந்தப் பாதி உண்மை இதுதான்: சென்சார் மூப்படையும். ஹீட்டர் இல்லாத பழைய ஒற்றை ஒயர் சென்சார்கள் 50,000 முதல் 80,000 கிலோமீட்டரில் சோம்பலாகிவிடும். ஹீட்டரோடு வரும் பின்னாளைய வகைகள் 1,60,000 கிலோமீட்டர் வரைகூடத் தாங்கும். ஆனால் பிரேக் பேட் தேய்ந்ததா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தானே மாற்றுகிறோம்? அந்த ஒப்பீடே அவர் வாதத்துக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

வயதுக்கு முன்பே சென்சார் இறந்தால் அதன் முனை எதனால் இறந்தேன் என்று சொல்லும். கறுப்புக் கரி படிந்தால் கலவை அடர்த்தி. வெள்ளைப் பொடி போலப் படிந்தால், யாரோ வால்வு கவரிலோ இன்டேக்கிலோ சென்சாருக்கு ஆகாத சிலிக்கான் பேஸ்ட்டை அப்பியிருக்கிறார்கள், அல்லது கூலன்ட் எரிந்திருக்கிறது. பழுப்புச் சாம்பல் என்றால் இஞ்சின் ஆயில் குடிக்கிறது. காரணத்தைத் தீர்க்காமல் புதிய சென்சார் போட்டால் அதையும் அதே விஷம் கொல்லும். இந்தத் தடயத்தையெல்லாம் பெட்ரோலில் ஊறவைத்துக் கம்பி பிரஷ்ஷால் துலக்கச் சொல்கிறார் அவர். பிளாட்டினத்தின் மேல் நுண்துளைகளோடு ஒரு பாதுகாப்புப் பீங்கான் படலம் இருக்கிறது. பிரஷ் அதைக் கிழிக்கும். ஈயமும் சிலிக்காவும் பெட்ரோலில் கரைவதில்லை. சென்சார் செய்யும் எந்த நிறுவனமும் துலக்கிப் போடச் சொன்னதில்லை. ஏழை வாடிக்கையாளருக்கு உதவி என்ற பெயரில் இதைச் சொல்வதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. காசில்லாதவருக்குத்தான் ஒரு முறை செய்த செலவு நிலைக்க வேண்டும். அவருக்குத்தான் சோதனை இன்னும் கவனமாக நடக்க வேண்டும்.

அறுந்த ஒயரைப் பற்ற வைத்து டேப் சுற்றச் சொன்னதையும் கையோடு திருத்திவிடுகிறேன். பல சென்சார்களில் உட்பக்கத்துக்குத் தேவையான வெளிக்காற்று அந்த ஒயரின் இழைகளுக்கு நடுவில்தான் போகிறது. ஈயம் உருகி இழைகளை அடைத்தால் பீங்கான் ஒப்பிட்டுப் பார்க்கும் காற்று நின்றுவிடும். கிரிம்ப் செய்து ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட வேண்டும். கப்ளருக்குள் கிரீஸ் அடிப்பதும் அதே கெடுதல். மாற்றியே ஆக வேண்டிய சென்சாரை, சைலன்சர் வெதுவெதுப்பாக இருக்கும்போது 22 எம்எம் பிளந்த சாக்கெட் போட்டுக் கழற்றினால் மரை பிழைக்கும். மரைக்குப் போடும் பசை முனையில் ஒரு துளிகூடப் படக் கூடாது.

கப்ளரைக் கழற்றிவிட்டாலும் வண்டி ஓடுகிறது என்கிறார். ஓடும். சென்சார் இல்லாவிட்டால் ஈசியு குருட்டுக் கணக்குக்குப் போகும். இஞ்சினைக் காப்பாற்றப் பெரும்பாலும் பெட்ரோலைத் தாராளமாகவே ஊற்றும். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, உள்ளிருக்கும் தேன்கூடு அளவுக்கு மீறிச் சூடாகி உருகும். அப்புறம் கன்வெர்ட்டர் அடைத்து வண்டி இழுக்காது. நாலாயிரம் ரூபாய் மிச்சம் பிடித்தவர் அதைப் போலப் பல மடங்கு கொட்டுவார். பிஎஸ் 4 பெட்ரோல் காருக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்பது புகைச் சான்றின் விதி. அவர் கழற்றிவிட்ட வண்டிகள் அந்த எல்லைக்குள் நிற்க வாய்ப்பே குறைவு. ஸ்பேசர் வைப்பது அதைவிடக் கேடு. பின் சென்சாரைப் புகையிலிருந்து தள்ளி நிறுத்தி, செத்த கன்வெர்ட்டர் உயிரோடிருப்பதாக ஈசியுவை ஏமாற்றும் வேலை அது. அந்தப் புகையைச் சுவாசிக்கிறவர்கள் சிக்னலில் பக்கத்தில் நிற்கும் ஸ்கூட்டர்க்காரர்கள், பூக்காரம்மா, மூடிய கராஜில் வண்டியைச் சூடேற்றும் வீட்டுக்காரர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது. அதனால்தான் அது ஆளைக் கொல்கிறது. இதை ஒரு யோசனையாக அச்சிட்டதற்கு அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

கட்டுரையின் கடைசியில் இ20 பெட்ரோல்தான் சென்சார்களைச் சாகடிக்கிறது என்று ஒரு வரி போட்டிருக்கிறார். பழைய வண்டியின் ரப்பர் ஹோஸையும் சீலையும் எத்தனால் என்ன செய்யும் என்பது தனிக் கேள்வி, அதைப் பேசலாம். சென்சாருக்கு அதனால் ஒன்றுமில்லை. தூய பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், தூய எத்தனாலுக்கு 9 போதும், இ20க்கு ஏறத்தாழ 13.5. எரிந்தபின் ஆக்சிஜன் மிச்சமா இல்லையா என்பதை மட்டும்தான் சென்சார் பார்க்கிறது. எது எரிந்தது என்பது அதற்குத் தேவையில்லை. இ10இலிருந்து இ20க்கு மாறும்போது ஈசியு நாலு சதவீதம்போலப் பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். சின்ன வேக்கூம் ஓட்டையோடு ஏற்கெனவே எல்லையின் விளிம்பில் நின்ற வண்டி அந்த நாலு சதவீதத்தில் எல்லையைத் தாண்டி லைட்டைப் போடும். ஓட்டையை அடைத்தால் லைட் போய்விடும். சென்சாரை மாற்றினால் போகாது.

சோதனைக்கு யார் கூலி தருவார்கள் என்ற கேள்வி மட்டும் நேர்மையான கேள்வி. நான் பதில் சொல்கிறேன். என் பட்டறையில் 500 ரூபாய் என்று பலகையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன். ஆரம்பத்தில் சிலர் முறைத்துக்கொண்டு போனார்கள். மற்றவர்கள், பழுதில்லாத பொருளுக்கு நாலாயிரம் கொடுப்பதைவிடப் பழுது எது என்று தெரிந்துகொள்ள ஐந்நூறு கொடுப்பது மேல் என்று புரிந்துகொண்டார்கள். கட்டுரையாளர் சோதனைக் கூலி கிடைக்காததைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதியிருக்கிறார். ஒவ்வொரு சென்சார் விற்பனையிலும் பட்டறைக்குக் கிடைக்கும் லாபத்தைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. சோதிக்காமல் மாற்றுவது யாருக்கு வசதி என்பது அந்த இடத்தில் தெரிகிறது.

அந்த ஆசிரியையின் வண்டிக்கு ஒரு ஸ்டட், ஒரு கேஸ்கெட், அரை நாள் வேலை. முடிந்ததும் அவர் ரசீது வைத்திருந்த கவரிலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்துக் கொடுத்தார். முதல் பட்டறையில் கழற்றிய, வண்டியோடு வந்த சென்சார். கழற்றிய பொருளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது அவர் வழக்கமாம். முனையில் லேசான கரி, வேறொன்றுமில்லை. ஹீட்டர் ஓம்ஸ் சரியாக இருந்தது. மூன்றாவதாகப் போட்ட சென்சாரைக் கழற்றிவிட்டு அதை மாட்டி, பையனிடம் மீட்டரைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். 0.15, 0.82, 0.2, 0.79 என்று அவன் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். திருத்தம் மூன்று சதவீதத்துக்கு இறங்கி நின்றது. அதன் பிறகு இரண்டு சர்வீசுக்கு வண்டி வந்துவிட்டது. இன்றும் அதில் ஓடுவது அந்த முதல் சென்சார்தான்.